வாக்கு வங்கியும் வெளியுறவும்: மொரிஷியஸ் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேர்தல் நெருங்கினாலும் சரி, சாகோஸ், அகலேகா தீவுகள் என்று செய்தி வந்தாலும் சரி, கோவில் மண்டபங்களில் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப எழுகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே வைத்திருக்கிறோம். எளிதானவை முதலில்.

வாக்கு வங்கி, வாக்கு வங்கின்னு சொல்றாங்களே, நாம எல்லாரும் ஒரே கட்சிக்கா போடறோம்?

இல்லை, ஒருபோதும் போட்டதில்லை. ரோஸ் ஹில்லில் ஒரே தெருவில் லேபர், எம்.எம்.எம்., எம்.எஸ்.எம். என்ற மூன்று கட்சிகளுக்கும் போடும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ஒரே கட்சிக்குப் போட்டால்தான் வாக்கு வங்கி என்றில்லை. ஒரு விஷயம் பெரிதாக எழும்போது கட்சியை மாற்றக்கூடியவர்கள் அந்தக் கூட்டத்தில் போதிய அளவு இருந்தாலே அது வாக்கு வங்கிதான்.

எப்போதும் ஒரே பக்கம் விழும் வாக்கை எந்தக் கட்சியும் பொருட்படுத்தாது. தனக்கு நிச்சயம் என்று ஒரு கட்சி விட்டுவிடும், கிடைக்காது என்று மற்றது விட்டுவிடும். நடுவில் ஆடுகிற வாக்குக்குத்தான் விலை.

நூத்துக்கு ஆறு பேர் இருப்போம். இத்தனை பேருக்காக ஒரு நாடு தன் வெளியுறவையே மாத்துமா?

நாடு முழுவதற்கும் கணக்குப் போட்டால் மாற்றாது. தொகுதிக் கணக்கு வேறு. தீவில் 20 தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று உறுப்பினர்கள், ரோட்ரிக்ஸுக்கு இரண்டு, ஆக 62. வாக்காளர் மூன்று பெயருக்குக் குறியிட வேண்டும். ஒருவருக்கு மட்டும் குறியிட்டால் வாக்கு செல்லாது. அதனால் ‘நம்மவர் ஒருத்தருக்கு மட்டும் போட்டுட்டு வந்துடலாம்’ என்ற யோசனை இங்கே பலிக்காது.

ஒரு கற்பனைத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். வாக்களித்தவர்கள் 36,000, அதில் தமிழர் பத்தில் ஒரு பங்கு, 3,600. மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இடைவெளி 600. தமிழரில் பன்னிரண்டுக்கு ஒருவர், அதாவது 301 பேர், மூன்றாவது குறியை மட்டும் இவரிடமிருந்து அவருக்கு மாற்றினால் ஆசனம் கை மாறிவிடும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு பக்கம் ஒன்றைக் கழித்து மறுபக்கம் ஒன்றைக் கூட்டுவதால் 600ஐக் கடக்க 301 போதும். 3,600 பேரையும் திரட்ட வேண்டியதே இல்லை.

அமெரிக்காவின் கியூபக் கொள்கை இதற்குப் பெரிய உதாரணம். கியூபாவிலிருந்து போனவர்கள் அந்த நாட்டு மக்கள்தொகையில் சிறு துளி. ஆனால் அவர்கள் குவிந்திருப்பது புளோரிடாவில். 2000இல் அந்த மாநிலமும் அதோடு அதிபர் பதவியும் 537 வாக்குகளில் முடிவாயின. வாஷிங்டனின் நட்பு நாடுகளே பல ஆண்டுகளாக எதிர்த்தும் கியூபா மீதான தடை நீடிப்பதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அரசியல் சட்டத்துல தமிழர்னு தனி வகுப்பே இல்லையே, அப்புறம் எப்படி?

உண்மைதான். சமூகங்களுக்கிடையே சமநிலைக்காகத் தோற்ற வேட்பாளர்கள் சிலருக்குக் கூடுதல் ஆசனம் தரும் பெஸ்ட் லூஸர் முறைக்காகச் சட்டம் நான்கு வகுப்புகளைத்தான் சொல்கிறது: இந்து, முஸ்லிம், சீன-மொரிஷியர், பொதுமக்கள். தமிழரும் தெலுங்கரும் மராத்தியரும் ‘இந்து’வுக்குள் அடக்கம். கூடுதலாகத் தரப்படும் எட்டு ஆசனங்கள் வரை இன்றும் 1972 கணக்கெடுப்பை வைத்துத்தான் பங்கிடப்படுகின்றன. வேட்பாளர் தன் வகுப்பைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்ற விதி உரிமை மீறல் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2012இல் கூறியது. முறை இன்னும் அப்படியே இருக்கிறது.

அதனால் தமிழரின் பேரம் எண்ணி முடித்த பிறகு நடப்பதில்லை. டிக்கெட் கொடுக்கும்போதே நடக்கிறது. மூன்று பேர் பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயர், அமைச்சரவையில் ஒரு இடம், அதற்குப் பிறகுதான் கொள்கை. வெளியுறவு இந்த வரிசையில் கடைசி. பல சங்கத் தலைவர்கள் முதல் இரண்டோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள் என்பது எங்கள் அபிப்பிராயம்.

வெளியுறவை உண்மையில் யார் முடிவு பண்றாங்க?

பிரதமரும் அமைச்சரவையும். ஒப்பந்தத்தில் அரசு கையெழுத்திட நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவையில்லை. உள்நாட்டுச் சட்டத்தை மாற்ற வேண்டி வந்தால்தான் மசோதா வரும். உறுப்பினர்களின் கையில் இருப்பது கேள்வி கேட்கும் உரிமை. வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை அமர்வில் பிரதமர் பதில் சொல்லும் நேரம் இருக்கிறது. எதிர்க்கட்சித் தலைவருக்கு மட்டும் அன்றே பதில் வாங்கும் தனிக் கேள்வி உண்டு. வாக்கு வங்கி வெளியுறவுக்குள் நுழையும் வாசல் இவ்வளவு குறுகல்.

2013ல பிரதமர் கொழும்புக்குப் போகாதது நம்மாலதானா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நடந்தது இதுதான். 2013 நவம்பரில் காமன்வெல்த் அரசுத் தலைவர்கள் மாநாடு கொழும்பில் நடந்தது. இலங்கையின் மனித உரிமை நிலையைக் காரணம் காட்டி நம் அன்றைய பிரதமர் நவின் ராம்கூலம் போகவில்லை. கனடாவின் பிரதமர் ஹார்ப்பரும் போகவில்லை. இந்தியாவின் மன்மோகன் சிங்கும் போகவில்லை. தன் வெளியுறவு அமைச்சரை அனுப்பினார். அடுத்த மாநாட்டை 2015இல் நடத்த வேண்டிய நாடு மொரிஷியஸ். அந்த வாய்ப்பையும் விட்டுக்கொடுத்தோம், அது மால்டாவுக்குப் போனது. ஆக, சும்மா அறிக்கை விட்டுவிட்டு இருந்துவிடவில்லை. விலை கொடுத்த முடிவு.

தமிழ் வாக்கு ஒரு காரணமா என்றால், ஆம் என்பதே எங்கள் கருத்து. அது மட்டுமே காரணமா என்றால், இல்லை. ஒரு தலைவரின் மனதைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததைப் பார்க்கலாம். 2009 மே மாதம், போர் முடிந்த கையோடு ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானம் வந்தபோது மொரிஷியஸ் நடுநிலை வகித்தது. 2012இல் பொறுப்புக்கூறல் கேட்ட தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்தது. 2013இல் கொழும்பைத் தவிர்த்தது. ஒரே திசையில் மூன்று அடி. ஒரே ஒரு அடியாக இருந்திருந்தால் அந்த வாரத்து விளம்பரம் என்று தள்ளிவிடலாம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். பிரிட்டனிலும் தமிழ் வாக்கு உண்டு, லண்டனில் குவிந்தும் இருக்கிறது. ஆனாலும் டேவிட் கேமரன் கொழும்புக்குப் போனார். போனவர் யாழ்ப்பாணத்துக்கும் போய்த் தமிழரைச் சந்தித்தார். காமன்வெல்த்தின் தலைமையே பிரிட்டிஷ் அரச பீடத்திடம். அந்த நாட்டுப் பிரதமர் போகாமல் இருப்பதற்கு விலை மிக அதிகம். அதனால் பயணத்தை ரத்து செய்யாமல் பயணத்தின் உள்ளடக்கத்தை மாற்றினார். விலை கூடினால் வாக்கு வங்கிக்குக் கிடைக்கும் பங்கு இப்படித்தான் சுருங்கும். நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. கொழும்பை விட்டால் நம் சர்க்கரைக்கோ சுற்றுலாவுக்கோ அடி விழாது.

அப்படிச் செஞ்சவங்களுக்குத் தமிழர் நன்றியா வாக்குப் போட்டாங்களா?

போகாத மூன்று அரசுகளும் அடுத்த தேர்தலிலேயே ஆட்சியை இழந்தன. 2014 மே மாதம் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் காங்கிரஸுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2014 டிசம்பரில் ராம்கூலம் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். 2015இல் ஹார்ப்பர் தோற்றார். தோற்றதற்குக் காரணங்கள் வேறு வேறு, கொழும்பு அல்ல.

நன்றி வாக்கு என்று ஒன்றை நம்பி வெளியுறவு முடிவு எடுக்கிறவர் ஏமாந்துபோவார். இப்படிப்பட்ட முடிவு வாக்கைக் கொண்டுவராது. போயிருந்தால் இழந்திருக்கக்கூடிய வாக்கைத் தடுக்கும், அவ்வளவே. கட்சிக்காரர்களுக்கு இது தெரியும். கோரிக்கை வைக்கப் போகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் தெரிவதில்லை: ‘செஞ்சா எங்க வாக்கு உங்களுக்குத்தான்’ என்கிறார்கள், எதிரில் இருப்பவர் தலையாட்டுகிறார், நம்புவதில்லை.

கூட்டணிக்குள்ள இருந்து மிரட்டறது நல்லதா, வெளியே வந்து எதிர்க்கறது நல்லதா?

தமிழ்நாட்டில் நடந்ததே பாடம். தி.மு.க. காங்கிரஸ் தலைமையிலான மத்திய கூட்டணியில் 18 எம்.பி.க்களோடு இருந்தது. 2012இல் இந்தியா, வழக்கத்துக்கு மாறாக, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் வந்த இலங்கைக்கு எதிரான தீர்மானத்தை ஆதரித்தது. 2013 மார்ச் 19இல் தி.மு.க. வெளியேறியது, இரண்டு நாள் கழித்து இந்தியா மறுபடியும் ஆதரித்தது. 2014 மார்ச்சில், வெளியே போனவரைத் திருப்திப்படுத்த வேண்டிய தேவை இல்லாதபோது, இந்தியா நடுநிலைக்குத் திரும்பிவிட்டது.

மிரட்டல் ஒரு தரம்தான் செல்லும். கதவைத் தாண்டிய பிறகு கதவை அடைப்பேன் என்று சொல்ல முடியாது. மொரிஷியஸிலும் கூட்டணி அரசுகளே வழக்கம். சிறு கட்சியில் இருக்கும் தமிழ் அமைச்சர் உள்ளே இருக்கும்வரைதான் கேட்க முடியும்.

ரூபா நோட்டு விஷயத்துல ஜெயிச்சோமே, அதே மாதிரி வெளியுறவுலயும் செய்யலாமே?

நூறு ரூபா நோட்டை ஒன்று எடுத்துப் பாருங்கள். முகம் ரெங்கநாதன் சீனிவாசன் அவர்களுடையது. மற்ற நோட்டுகளில் மற்றச் சமூகங்களின் முகங்கள். தீவின் அரசியல் கணக்கே பணப்பையில் மடிந்து கிடக்கிறது. மதிப்பு எழுதிய வரிசை: ஆங்கிலம், தமிழ், இந்தி. 1998இல் வந்த புதிய நோட்டுகளில் இந்தி தமிழுக்கு மேலே ஏறிவிட்டது. தமிழர் கொதித்தெழ, நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டுப் பழைய வரிசையில் மறுபடி அச்சாயின.

அது ஏன் வென்றது? கேட்டது ஒன்றே ஒன்று, பார்த்தவுடன் புரிவது. முடிவெடுப்பவர் போர்ட் லூயிஸிலேயே இருந்தார். செய்து முடித்ததா இல்லையா என்று கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போதே தெரிந்துவிடும். வெளியுறவில் இந்த மூன்றும் அரிது: கோரிக்கை பலவாகிவிடும், முடிவில் பாதி இன்னொரு தலைநகரில் இருக்கும், நிறைவேறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. வெளியுறவிலும் இந்த மூன்றும் அமைந்த கோரிக்கை உண்டு. ‘பிரதமர் அங்கே போகக் கூடாது’ அப்படிப்பட்டது. ‘இலங்கைத் தமிழருக்கு நீதி வேண்டும்’ அப்படிப்பட்டது அல்ல, எவ்வளவு நியாயமானாலும்.

இந்தியா நமக்குத் தாய்நாடு. இத்தனை இந்திய வம்சாவளி வாக்கு இருந்தும் வரி ஒப்பந்தத்தை ஏன் காப்பாத்த முடியல?

இந்திய வம்சாவளியினர் நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு. எல்லாப் பெரிய கட்சிகளும் இந்தியாவுக்கு நண்பர்கள். ஆடாத வாக்குக்கு விலை இல்லை என்று முதல் பதிலில் சொன்னது இங்கே நாட்டு அளவில் பொருந்தும்: மொரிஷியஸ் விலகிப் போய்விடுமோ என்ற பயமே டெல்லிக்கு இல்லை.

நட்பு நாட்டுக்கும் வாக்காளர்கள் உண்டு என்பதையும் மறந்துவிடுகிறோம். 1983 முதல் நடப்பில் இருந்த இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தால் மொரிஷியஸ் வழியாகப் போன முதலீட்டின் இலாபத்துக்கு இந்தியாவில் வரி விழவில்லை. கறுப்புப் பணம் அங்கே பெரிய தேர்தல் பேச்சாக மாறியது. 2016 மே 10இல் திருத்தம் கையெழுத்தானது; 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கும் பங்குகளுக்கு இந்தியா வரி விதிக்கத் தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பாதி வரி என்ற சலுகை மட்டும் கிடைத்தது. அங்கே கோடிக்கணக்கான வாக்காளரின் கோபம். இங்கே நம் சொந்தபந்தம். எடை போட்டால் எது கீழே இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை. உணர்வுக்குப் பதிலாக டெல்லி தருவது வேறு. ஏழாம் தலைமுறை வரை வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை என்ற 2024 அறிவிப்பு அப்படிப்பட்டது.

அகலேகாவுல இந்தியா ஓடுதளம் கட்டினப்ப யாரும் ஏன் தடுக்கல?

அகலேகா நம் நாட்டின் தொலைதூரத் தீவு, அங்கே வாழ்வோர் முந்நூறு பேர் அளவில். இரண்டாம் பதிலின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கேள்விகளும் எதிர்ப்பும் இருந்தன. ஆசனத்தை அசைக்கும் எண்ணிக்கை இல்லை. 2024 பிப்ரவரி 29இல் ஓடுதளமும் இறங்குதுறையும் திறக்கப்பட்டன.

சாகோஸ்காரரும் சில ஆயிரம் பேர்தானே? அவங்களுக்காக மட்டும் எல்லா அரசும் போராடுச்சே?

நல்ல கேள்வி. சாகோஸில், அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் வாக்கைவிட இறையாண்மை முக்கியம். 1965 நவம்பரில், சுதந்திரத்துக்கு முன்பே, பிரிட்டன் இந்தத் தீவுக்கூட்டத்தை நம்மிடமிருந்து பிரித்தது. இதில் லேபரும் எம்.எஸ்.எம்.மும் எம்.எம்.எம்.மும் ஒரே குரல். எதிர்த்துப் பேசும் வாக்கு உள்நாட்டில் இல்லாததால் அரசுக்கு வழி திறந்திருந்தது. 2019இல் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்து நமக்குச் சாதகமாக வந்தது. அதே ஆண்டு மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் நமக்கு ஆதரவு 116, எதிர்ப்பு 6. இந்தியா ஆதரித்தது, பிரான்ஸ் நடுநிலை. 2025 மே 22இல் பிரிட்டனுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்குள்ள டியேகோ கார்சியா இராணுவத் தளம் 99 ஆண்டுக் குத்தகைக்கு.

வாக்கு வங்கியாகச் சாகோசியரைப் பார்க்க வேண்டுமென்றால் போர்ட் லூயிஸைவிட இங்கிலாந்தின் க்ரோலியைப் பாருங்கள். அங்கே குடியேறியவர்கள் ஒரு தொகுதியில் குவிந்திருக்கிறார்கள். அதில் பலர் இந்த ஒப்பந்தத்தையே எதிர்க்கிறார்கள். தங்களைக் கேட்காமல் பேசி முடித்தார்கள் என்பது அவர்கள் குறை. ஒரே மக்கள், இரண்டு நாடு, இரண்டு திசை. அவர்களின் எதிர்ப்பைப் பிரிட்டனில் கட்சிகள் எடுத்துப் பேசின. ஆனால் கையெழுத்தை அது நிறுத்தவில்லை.

சீனர் நூத்துக்கு ரெண்டு பேர்கூட இருக்க மாட்டாங்க. சீனாவோட எப்படி இவ்வளவு நெருக்கம்?

அது வாக்கு அல்ல, முதலீடும் சந்தையும். சுதந்திர வணிக ஒப்பந்தம் 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. எல்லா வெளியுறவுக்கும் பின்னால் ஒரு சமூகத்தைத் தேடுவது நம் ஊர்ப் பழக்கம். பாதி நேரம் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

முஸ்லிம்கள் பாலஸ்தீனத்துக்காகப் பேசறாங்க. அவங்களுக்கு நம்மைவிடச் செல்வாக்கு அதிகமா?

எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று மடங்கு. சட்டத்தில் தனி வகுப்பு. போர்ட் லூயிஸின் சில தொகுதிகளில் குவிந்திருக்கிறார்கள். மூன்றுமே சாதகம். பாலஸ்தீனத்தை மொரிஷியஸ் 1988இலேயே அங்கீகரித்தது. ஆனால் ஆப்பிரிக்க நாடுகளும் அணிசேரா நாடுகளும் பெருமளவில் அதே நிலையில்தான் இருந்தன. ஆற்றோடு நீந்துகிற வாக்கு வங்கியின் பலத்தை அளக்க முடியாது. இங்கே இன்னொரு சமூகத்தின் கோரிக்கையோடு நம்முடையது மோதவும் இல்லை. போட்டியாகப் பார்க்க வேண்டியதில்லை.

சங்கத் தலைவர் சொன்னா அத்தனை வாக்கும் விழுமா?

க்ரியோலில் ‘சொஸ்யோ-கில்திரெல்’ என்று சொல்லும் சமூக-பண்பாட்டு அமைப்புகளின் மேடையில் பிரதமர் மாலை போட்டு நிற்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1982, 1995, 2024 ஆகிய மூன்று தேர்தலிலும் தீவின் 60 ஆசனங்களையும் ஒரே அணி அள்ளியது. அந்த ஆண்டுகளில் எல்லாச் சமூகமும் ஒரே பக்கம் சாய்ந்தது. எந்தத் தலைவரும் தன் ஆட்களைப் பிடித்து நிறுத்தவில்லை. அப்படிப்பட்ட அலைக்குப் பிறகு எந்தச் சிறு கூட்டத்துக்கும் பேரம் பேசும் பலம் இருக்காது. வென்றவருக்கு யார் தயவும் தேவையில்லை. எதிர்க்கட்சி வரிசையிலோ கேள்வி கேட்கக்கூட ஆள் போதாது.

சரி, ஒரு கோரிக்கை வைக்கணும்னா எங்கே ஆரம்பிக்கறது?

முதலில் கோரிக்கையை ஒரு வாக்கியமாக்குங்கள். அரசு செய்யக்கூடிய ஒரு செயல், ஒரு தேதி. ‘வரும் மார்ச் ஜெனீவா அமர்வில் இன்ன தீர்மானத்தை ஆதரிக்க வேண்டும்’ என்றால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ‘குரல் கொடுக்க வேண்டும்’ என்றால் கொடுத்துவிட்டோம் என்பார்கள். பிறகு விலையை நீங்களே எழுதுங்கள்: இதனால் எந்த நாடு வருந்தும், நமக்கு என்ன நட்டம். அமைச்சக அதிகாரி எப்படியும் எழுதப்போகிறார். நீங்கள் எழுதாவிட்டால் அவர் எழுதியதுதான் கோப்பில் இருக்கும்.

மனுவைச் சங்கங்களின் பெயரில் கொடுப்பதைவிடத் தொகுதிவாரியாகப் பிரித்துக் கொடுங்கள். தீவு முழுக்க ஐயாயிரம் கையெழுத்து என்றால் 20 தொகுதிக்கும் சிதறிவிடும், யாருக்கும் உறுத்தாது. ரோஸ் ஹில்லும் அக்கம்பக்கமும் அடங்கிய 18, 19, 20 எண் தொகுதிகளில் தலா ஐந்நூறு, முகவரியோடு இருந்தால் ஒன்பது உறுப்பினர்கள் எடுத்துப் படிப்பார்கள். அவர்களில் ஒருவரைச் செவ்வாய்க்கிழமைக் கேள்வியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கேள்வியும் பதிலும் அவைக்குறிப்பில் அச்சாகும். அடுத்த முறை அதைக் காட்டிக் கேட்கலாம்.

கெடுவது எங்கே என்றால், பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று, தேர்தல் முடிந்த பிறகு போவது. டிக்கெட் பேச்சு நடக்கும் மாதங்களே நேரம். இரண்டு, ஒரே மனுவில் கோவில் மானியம், தமிழ் ஆசிரியர் நியமனம், வெளியுறவு மூன்றையும் சேர்ப்பது. மலிவானதைக் கொடுத்து மற்றதை மூடிவிடுவார்கள். மூன்று, நம் அரசிடம் போகும் முன் வெளிநாட்டுத் தூதரகத்துக்குப் போவது. இது அடுத்த கேள்விக்கு இழுத்துச் செல்கிறது.

இப்படியெல்லாம் கேட்டா, இவங்க இந்த நாட்டுக்காரங்களா இல்லையான்னு சந்தேகப்பட மாட்டாங்களா?

சிலர் படுவார்கள். தன் நாட்டு அரசிடம் ஒரு குடிமகன் கேட்பது உரிமை. இன்னொரு நாட்டு அரசின் வேலையை இங்கே செய்து கொடுப்பது வேறு. கோடு எங்கே என்பதில் குழப்பமில்லை: பணம் யாருடையது, வாசகம் யார் எழுதியது. இரண்டும் நம்முடையதாக இருந்தால் தயங்க வேண்டாம். கோரிக்கையில் மொரிஷியஸ் எடுத்த நிலைகளையே சான்றாக வையுங்கள். சாகோஸுக்காகச் சர்வதேசச் சட்டத்தை நம்பி நின்ற நாடு, இன்னொரு தீவின் மக்களுக்காக அதே சட்டத்தைப் பேசுவது பொருத்தம்தானே என்று கேட்டால் மறுக்கச் சிரமப்படுவார்கள்.

இங்கே வேலைக்கு வந்திருக்கிற இந்திய, இலங்கைத் தமிழருக்கு வாக்கு உண்டா? பாரிஸ்ல இருக்கிற என் மகனுக்கு?

அரசியல் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் 18 வயது நிறைந்து, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இங்கே வசித்திருந்தால் பதிவு செய்துகொள்ளலாம். இந்தியாவும் இலங்கையும் அதில் அடங்கும். ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் வாக்கு, தானாக ஏறாது. உங்கள் மகனுக்கு வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் வாக்களிக்கும் வசதி கிடையாது. பெயர் இங்கே பதிவில் இருந்து, தேர்தல் நாளில் நேரில் வந்தால் போடலாம்.